நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

"நீ பாஸ் பண்றதுக்குப் படிச்ச பொண்ணு, ஸ்டெல்லா. படிக்கிறதுக்குப் படிச்சியான்னு எனக்கு டவுட்டாத்தான் கீது."

ரோஸ்லின் அக்கா இதைச் சொன்னபோது அவர் கையில் ஓர் இட்லித் துண்டு இருந்தது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, ஐந்து வாரம் கழித்து அன்றுதான் தன் புத்தகக் கடைக்குத் திரும்பியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. சட்னியில் தொட்டுக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் கூச்சம். நான் டிப்ளமோவில் முதல் வகுப்பு. ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் கம்பெனியில், முப்பது பெண்கள் நிற்கும் லைனுக்கு லீடர். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

"கடையைப் பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கேன். அதைப் பாருங்கக்கா," என்றேன்.

அக்கா நான்கு சுவரையும் பார்த்தார். வலது பக்க அலமாரிக்கு வந்ததும் கண் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"பாத்தேம்மா. நல்லாத்தான் கீது. உங்க கம்பெனி மாரியே கீது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் நான் என்ன செய்துவிட்டேன் என்பது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், ஷிப்ட் பஸ்ஸில் நடக்கும் ஜன்னல் சீட்டுச் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'உங்களுக்கு சீட்டுப் பிடித்து வைத்த அந்தப் பெண் இப்போது எங்கே?' என்று கேட்டிருந்தார். இத்தனை வாரமாக அவளைப் பற்றி எழுதாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

ஜன்னல் சீட்டுக்காரி

அவள் பெயர் செல்வி. தூத்துக்குடிப் பக்கம். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு வருட கான்ட்ராக்டில் எங்கள் லைனுக்கு வந்தாள். படப்பையில் ஒரு ஹாஸ்டல். எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு மேல் கட்டில் மட்டும் அவளுடையது. ஷிப்ட் பஸ் அவளை அங்கே ஏற்றிக்கொண்டு வரும். நான் எங்கள் வடக்குப்பட்டு ரோடு முனையில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்காகப் பிடித்திருப்பாள். யாராவது கேட்டால், "ஆள் இருக்கு" என்பாள். அவ்வளவுதான். எத்தனை கூட்டம் இருந்தாலும் அந்தப் பையை யாரும் நகர்த்தியதில்லை.

உட்கார்ந்ததும் கதை தொடங்கிவிடும்.

"யக்கா, நேத்து எங்கன விட்டேன்?"

"தெரியலை. எங்கேயாவது ஆரம்பி."

அவள் அப்போது ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தியின் கதை. அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் யாரிடமும் கொடுக்கவும் மாட்டாள். மடியில் செருகிக்கொண்டே உப்பு வாருகிறாள். பக்கம் பக்கமாக இதுதான் நடக்கிறது.

"படிச்சவங்க யாருகிட்டயாவது குடுத்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்களே," என்றேன் ஒருநாள்.

"ரெண்டு நிமிசத்துல முடிஞ்சா அது எப்படிக்கா கதை? நீங்க எல்லாத்துக்கும் சைக்கிள் டைம் பாப்பியளா?"

ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று லைனில் நிறுத்திக் கடிகாரத்தை வைத்து நான் அளப்பேன். அதைத்தான் குத்திக் காட்டினாள். பின் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் முதல் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகும் கதை சொல்வதை நிறுத்தவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றைக்கு அந்தத் தலையாட்டல் ஒவ்வொன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. கதைதான் நினைவில் இல்லை.

புத்தகத்துக்குப் பேர்போன ஊர்

செல்விதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாலாஜாபாத்தில் பஸ் மாற வேண்டும். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை; அங்கே இருக்கிறவர்கள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள், இதில் அவர்களை இழுத்துவிட மனமில்லை. முன்பு நோட்டுப் புத்தகம் பைண்டு செய்யும் பட்டறைகள் அங்கே நிறைய இருந்தனவாம். பட்டறைகள் போய்விட்டன. அவற்றை ஒட்டி முளைத்த புத்தகக் கடைகள் மட்டும் போகவில்லை. ஒரே தெரு. ஆறு கடைகள். ஆறும் ஆறு விதம்.

ரோஸ்லின் அக்கா கடை தெருவின் நடுவில், ஒரு வீட்டின் முன்னறை. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி. உரத்த குரல். புத்தகம் வாங்காவிட்டாலும் உட்கார்ந்து படிக்க விடுவார்.

"உனக்கு இன்னா புக்கு வோணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஜெனரல் நாலெட்ஜ்."

"ஓகோ," என்றார். அந்த 'ஓகோ' எனக்குப் பிடிக்கவில்லை.

கடையின் வலது பக்க அலமாரியில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சில புத்தகங்களின் முதுகு உள்பக்கமாகவும், வெறும் தாள்விளிம்பு வெளிப்பக்கமாகவும் இருந்தன. என்ன புத்தகம் என்றே தெரியாது. ஒன்றை எடுத்து நேராக வைக்கப் போனேன்.

"அது அப்படியே இருக்கட்டும்," என்றார் அக்கா.

ஏன் என்று நான் கேட்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். செல்வி அதில் ஒன்றை உருவிக்கொண்டு ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று மணிநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து, விடுமுறை நாளில் பெண்கள் மூன்று மணிநேரம் அசையாமல் உட்கார்ந்தால் அது சீரியலுக்குத்தான்.

தூசி மட்டும் தட்டு

அக்காவுக்கு ஆபரேஷன் என்று முடிவானபோது, கடைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. அக்காவின் கண் செல்வி பக்கம் போனது. நான் முந்திக்கொண்டேன்.

"இவளுக்கு ஓ.டி. இருக்கும்க்கா, லீவு நாள்லயும் வேலை. நான் பார்த்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை வந்து தொறந்து வெச்சா போதும். தூசி மட்டும் தட்டு. வேற ஒண்ணும் பண்ணாத, இன்னா?"

தூசி மட்டும் தட்டு. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் கம்பெனியில் 'ஃபைவ் எஸ்' என்று ஒரு முறை உண்டு. ஜப்பான்காரர்கள் கொண்டுவந்தது. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்க வேண்டும். வேண்டாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக ஓரிடத்தில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் அதைக் கேட்டு யாரும் வரவில்லை என்றால் வெளியே அனுப்பிவிட வேண்டும். இதில் என் லைன் தொடர்ந்து பரிசு வாங்கியது. பரிசுக் கோப்பை எங்கள் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. அம்மா அதற்குத் தினமும் பொட்டு வைக்கிறார்.

கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய சிவப்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று என் பையில் இருந்தது. அக்கா திரும்பி வந்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் ஞாயிறே ஆரம்பித்துவிட்டேன்.

முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற புத்தகங்கள் பதினொன்று. எல்லாவற்றின் மேலும் தூசி. பலவற்றுக்கு அட்டை இல்லை. உள்ளே என்னென்னவோ கிடந்தது: தலைக் கிளிப், பழைய பஸ் பாஸ், மாத்திரை அட்டை, நீல ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய ஒரு விரல். எங்கள் லைனில் நல்ல பொருளுக்கு நடுவே வேண்டாத பொருள் கிடந்தால் பெரிய குற்றம். எல்லாவற்றையும் உதறி எடுத்து ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். பதினொரு புத்தகங்களின் மீதும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஸ்டிக்கரில் மூன்று வரிகள் உண்டு. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: உபயோகம் இல்லை. அகற்றச் சொன்னவர்: அங்கே என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து. டிப்ளமோ படிக்கும்போது பழகியது.

புத்தகத்தின் பெயரை எழுத அதில் இடமில்லை. நானும் ஒரு பெயரைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

வாசலில் ஓர் அட்டைப்பெட்டியில் அவற்றை வைத்து, 'உரியவர்கள் மூன்று வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். கம்பெனி விதி அப்படி. விதிப்படிதான் செய்தேன். அந்த மாதம் ஒரகடம் முழுக்க ஓ.டி. கடைக்கு வரும் ஹாஸ்டல் பெண்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

எங்கள் லைனின் ஓ.டி. பட்டியலை எழுதுகிறவள் நான். செல்விக்கு மூன்று ஞாயிறும் ஓ.டி. போட்டது நான்தான்.

அந்த நாட்களில் ஒருநாள் பஸ்ஸில் அவள் என் இயர்போனில் ஒன்றை உருவினாள்.

"யக்கா, நீங்க கடைக்குப் போறியள்லா? என் புஸ்தவம் பத்திரமா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. மூணு வாரமா அவ கடிதத்த நீட்டிக்கிட்டே நிக்கா, பாவம்."

"எல்லாம் பத்திரமா இருக்கு," என்றேன். எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை.

நான்காவது ஞாயிறு பழைய பேப்பர் வண்டிக்காரர் வந்தார். பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டேன்.

ஆள் இருக்கிற புத்தகம்

ஐந்தாவது ஞாயிறு செல்வி வந்தாள். நேராக வலது பக்க அலமாரிக்குப் போனாள். அலமாரியில் எல்லாப் புத்தகங்களும் முதுகைக் காட்டிக்கொண்டு, உயரப்படி, லைனில் நிற்கும் பெண்களைப்போல நின்றன.

"இங்கன திருப்பி வச்சிருந்தது எங்கக்கா?"

"எது?"

"திருப்பி வச்சிருக்கும்லா? அது ஆள் இருக்கிற புஸ்தவம்க்கா. ஹாஸ்டல்ல வைக்க எடம் கெடையாது, வச்சாலும் யாராவது கிழிச்சு அப்பளம் மடிச்சிருவாளுவ. அதான் பாதி படிச்சுட்டுத் திருப்பி வச்சுட்டுப் போவோம். பஸ்ஸுல பை போட்டு சீட்டுப் பிடிக்கோம்லா, அது மாதிரி. அக்கா ஒங்கள்ட்ட சொல்லலையா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். 'தெரியாமல் செய்துவிட்டேன் செல்வி.' தப்பு செய்தால் ஒத்துக்கொள்ளுங்கள் என்று என் லைன் பெண்களுக்கு வாரா வாரம் பாடம் எடுக்கிறவள் நான்.

"அக்காதான் பழசையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னாங்க," என்றேன்.

செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்தாள். "அவியளா சொன்னாவ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் அந்தக் கடைக்கு வரவில்லை. பஸ்ஸில் எனக்கு சீட்டுப் பிடித்தாள், கதை சொல்லவில்லை. நான் இயர்போனைக் கழற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போய்விட்டாள்.

ஊறுகாய் பாட்டில்

அக்கா கடைக்குத் திரும்பிய அன்றே அந்த பாட்டிலை மேசை மேல் எடுத்து வைத்தார். என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. நான் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். அக்கா கனமான புத்தகக் கட்டுகளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம்.

ஓ.டி. குறைந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அலமாரியைத் தேடுவார்கள். பிறகு பாட்டிலைப் பார்ப்பார்கள்.

"இது என் கிளிப்பு. புக்கு எங்கக்கா?"

"போச்சும்மா. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன். மன்னிச்சுக்கோ. வேற எதுனா எடுத்துக்கோ."

ஒவ்வொரு முறையும் இதே பதில். 'நான்தான்.' நான் இரண்டடி தள்ளி நின்று புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு பெண் அழுதேவிட்டாள். இன்னொருத்தி, "போக்கா, உன்ன நம்பி வெச்சம் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அவளுக்கும் தலையாட்டினார். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பாட்டில் மெதுவாகக் காலியானது. கடைசியில் அந்த நீலக் கையுறை விரல் மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் பேனாவால் ஒரு நம்பர். எங்கள் லைனில் செல்வி நின்ற இடத்தின் நம்பர்.

அன்றைக்குத்தான் தேட முடிவு செய்தேன்.

பெயர் தெரியாத கதை

செல்விக்குப் போன் செய்தேன்.

"அந்தப் புத்தகத்தோட பேர் என்ன செல்வி?"

"அதுக்கு அட்டையும் கெடையாது, மொத நாலு பக்கமும் கெடையாதுக்கா. பேரு தெரியாது. விடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரோஸ்லின் அக்கா இப்படிச் செய்வாவன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றாள்.

"சிக்னல் சரியா இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பெயர் தெரியாது, எழுதியவர் யார் என்று தெரியாது. என்னிடம் இருந்தது கதை மட்டும். அதுவும் பாதி காதில் விழுந்த கதை. அதை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் கடை கடையாக ஏறினேன்.

முதல் கடையில் கைடுகளும் வினாவங்கிகளும்தான் இருந்தன. அங்கிருந்தவர், "உப்பளமா? எந்த வருஷ சிலபஸ்?" என்றார். ஒரு காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கக்கூடிய கடை.

அடுத்தது ஒரு டெய்லர் அம்மா நடத்துவது. ஒரு பக்கம் தையல் மிஷின், மறுபக்கம் நாவல்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் படிப்பார்கள். அந்த அம்மா மிஷினை நிறுத்தாமலே, "கடிதத்துல இன்னா எழுதி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. அதுக்குள்ள புத்தகம் தொலைஞ்சு போச்சு."

மிஷின் நின்றது. "அடப்பாவமே. யாரு தொலைச்சது?"

நான் கடையைவிட்டு இறங்கினேன்.

ஜெபப் புத்தகங்களும் பஞ்சாங்கமும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் கடை ஒன்று. அங்கே இல்லை. சிறுவர் கதைகள் மட்டும் வைத்திருப்பவர் கடை. அங்கேயும் இல்லை. ஆனால் அவர் ஒரு விஷயம் சொன்னார். இந்த ஊரில் எடைக்குப் போன புத்தகம் ஊரைவிட்டு அவ்வளவு சுலபமாகப் போகாதாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேப்பர் குடோனில் போய் விழும். வெள்ளிக்கிழமைகளில் கடைக்காரர்கள் யாராவது போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே கடை. பெரிய கடை. வாசலில் மூத்தவர் உட்கார்ந்திருந்தார்.

"உப்பளக் கதை, கடிதம்..."

"இல்லம்மா," என்றார். முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

அதோடு விட்டுவிட்டேன். நான்கு மாதம்.

ஒரு கடை, இரண்டு வாசல்

பிறகு ஒருநாள் டெய்லர் அம்மாதான் கேட்டார். "அண்ணன்காரன் கிட்ட கேட்டியே, தம்பிக்காரன் கிட்ட கேட்டியா?"

அந்தப் பெரிய கடையில் அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடம் ஆகிறதாம். நடுவே ஓர் அலமாரியை நிறுத்திக் கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பியின் பாதியில் இருப்பதை அண்ணனிடம் கேட்டால், இல்லை என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

பக்கத்துச் சந்து வழியாகத் தம்பியின் வாசலுக்குப் போனேன். கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு குவியலுக்குள் கையை விட்டார்.

"இதுவா பாரு. குடோன்ல எடுத்தது."

அட்டை இல்லை. முதல் நான்கு பக்கம் இல்லை. ஐந்தாம் பக்கத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கர். எண்ணிக்கை ஒன்று. உபயோகம் இல்லை. கீழே என் பெயர், என் அழகான கையெழுத்து.

"அந்த ஸ்டிக்கரை உரிக்கப் பாத்தேம்மா. பேப்பரோட வருது. யாரோ ஆபீஸ்காரங்க ஒட்டினது போல. இந்த ஸ்டெல்லா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"இல்லைண்ணா," என்றேன்.

அதுதான் கடைசிப் பொய் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

குழாயடியில் படித்தது

புத்தகத்தில் செல்வி நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடையாளத்தைத்தான் நான் உதறிவிட்டேனே. அதனால் முதலிலிருந்து படித்தேன். ஷிப்ட் பஸ்ஸில், ஜன்னல் சீட்டில். பரீட்சை இல்லாமல் நான் படித்த முதல் புத்தகம் இது.

நாற்பது பக்கம் வரை எரிச்சலாக இருந்தது. இவள் ஏன் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறாள்? பிறகு ஒரு பக்கத்தில், காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவள் மடியை இறுக்கிக்கொள்கிறாள். அங்கே எனக்குப் பஸ் நின்றதுபோல ஆகிவிட்டது.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார். நாங்கள் குழாயடியில் இருந்தோம். தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். நான் சத்தமாகப் படித்தேன். இங்கிலீஷில் இருந்ததை இங்கிலீஷிலேயே படித்து, தெரிந்தவரை தமிழிலும் சொன்னேன். அது கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட சீட்டு. எனக்குப் படிக்க வருகிறது என்று தெருவுக்கே கேட்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் கொண்டுவந்ததில்லை. வாலாஜாபாத்தில் ஒரு மருந்துக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான் கோபப்பட்டேன். 'வூட்ல படிச்சவ ஒருத்தி இருக்கும்போது இன்னாத்துக்கு அங்க போற?' என்று கத்தினேன். அம்மா சொன்னார்: "அந்தப் பொண்ணு மெதுவாப் படிக்குது."

பெருமையாக நான் சொல்லிக்கொண்ட எல்லாப் பாஸுக்கும் மேலே இப்போது அந்த ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது.

நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் அந்தப் பெண் வேற்றூர் பஸ் ஸ்டாண்டில், முன்பின் தெரியாத ஒரு டீச்சரம்மாவிடம் கடிதத்தை நீட்டுகிறாள். கை நீண்டபடி அத்தியாயம் முடிகிறது. செல்வி சொன்ன இடம். 'மூணு வாரமா நீட்டிக்கிட்டே நிக்கா.'

நீலக் கையுறை விரலை அங்கே வைத்து மூடினேன். இன்னும் நாற்பது பக்கம் போல இருந்தது. நான் படிக்கவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்னால் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

பிரவுன் தாள்

சென்ற ஞாயிறு ரோஸ்லின் அக்காவின் மேசை மேல் புத்தகத்தை வைத்தேன். ஸ்டிக்கர் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். செல்வியிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகும் என்று பயந்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஓஹோ. அதான் அந்தப் பொண்ணு சொல்லாம கொள்ளாமப் பூட்டுதா," என்றார். அவருக்கு இதுவரை தெரியாது. செல்வி ஏன் வரவில்லை என்று இத்தனை மாதமாகத் தெரியாமலே இருந்திருக்கிறார். "நான் எதுனா தப்பாப் பேசிட்டனோன்னு நெனச்சிக்கினு இருந்தேன், ஸ்டெல்லா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தினி பக்கம் படிச்ச?"

"நூத்தி எழுபத்தாறு."

"அப்பால?"

"அங்கதான் செல்வி நின்னா."

அக்கா மேசைக்கு அடியிலிருந்து பிரவுன் தாளும் நூலும் எடுத்துக் கொடுத்தார். கட்டுவதற்கு உதவவில்லை. நான் தாளை மடிக்கும்போது மட்டும், "அந்த ஸ்டிக்கர இன்னா பண்ணப் போற?" என்றார்.

உரித்தால் பாதிப் பக்கம் கிழியும். மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாம்; யோசித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் 'அகற்றச் சொன்னவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைச் செல்வி படித்தால் போதும். நான் தனியாகக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ரோஸ்லின் அக்கா சொல்லவில்லை என்று அதிலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை மதிய ஷிப்டுக்கு முன்னால் தபால் ஆபீஸுக்குப் போனேன். செல்வியின் ஊர் விலாசத்தை எழுதிக் கவுண்டரில் நீட்டினேன். அங்கிருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புறவங்க பேர் இல்லையேம்மா," என்று பார்சலைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன், ஸ்டிக்கரில் இருப்பதைப்போலவே. அவர் அதன்மேல் முத்திரையைக் குத்திப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.